ஒரு தலையணை உறை பாக்கி

ஜன்னலோரம் நீயே உட்கார்ந்துகொள் கண்ணு. எனக்கு முகத்தில் காற்றடித்தால் தலை வலிக்கும். இல்லை, இந்தப் பையை மேலே வைக்க வேண்டாம். கரூரில் ஏறினதிலிருந்து கண்டக்டரும் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார், "மேல வைங்கக்கா, மேல வைங்கக்கா" என்று. மேலே யாரோ கருவாட்டுப் பை வைத்திருக்கிறார்கள். வாசம் ஏறிவிடும். மடியிலேயே இருக்கட்டும். உன் காலில் இடிக்கிறதா? கொஞ்சம் இப்படித் திருப்பிக்கொள்கிறேன். துணிதான், கனமில்லை.

நீ எங்கே இறங்க வேண்டும்? சிங்காநல்லூரா? நானும் அங்கேதான். அங்கிருந்து பீளமேட்டுக்கு டவுன் பஸ் உடனே கிடைக்குமா? போன தடவை வெயிலில் நெடுநேரம் நின்றேன். அதற்கு முந்தின தடவையும் நின்றேன். பஸ்ஸுக்காக நின்றது கொஞ்சம்தான். ஹாஸ்டல் வாசலில் நின்றதுதான் அதிகம்.

என் மகள் அங்கே லேடீஸ் ஹாஸ்டலில் இருக்கிறாள். தாரணி என்று பேர். ஒரு ஆஸ்பத்திரியில் முன்னால் உட்கார்ந்து சீட்டுப் போட்டுக் கொடுக்கிற வேலை. உன் வயதுதான் இருக்கும். அவளும் இப்படித்தான் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு... ஐயோ, நீ மாட்டிக்கொள் சாமி, நான் ஒன்றும் சொல்லவில்லை. கழற்றிவிட்டாயா? சரி.

அவள் என்னோடு பேசுவதில்லை. போன புரட்டாசியிலிருந்து பேசுவதில்லை. இதோ ஆனி பாதி போய்விட்டது. போன் எடுக்கமாட்டாள். நேரில் போனால், "ரூம்ல இல்லைங்கம்மா" என்கிறார் வாட்ச்மேன். மாடிக் கொடியில் அவளுடைய துப்பட்டா காய்ந்துகொண்டிருக்கிறது. நான் ஓரம் அடித்துக் கொடுத்த துப்பட்டா, எனக்குத் தெரியாதா? அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். இன்றைக்கு இந்தப் பையைக் கொண்டுபோகிறேன். இதைப் பார்த்தாலாவது கீழே இறங்கி வருவாள். வந்தாளென்றால், வீட்டுக்கு வாடி என்று கூப்பிடுவேன். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. அவள் கீழே இறங்கி வர வேண்டும்.

நான் அப்படி என்ன தப்புச் செய்துவிட்டேன்? நீயே கேட்டுவிட்டுச் சொல்லு.

எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு தறி இருக்கும், இல்லாவிட்டால் தையல் மெஷின் இருக்கும். நான் எட்டாவதோடு நின்றவள். நின்றதும் மெஷினில் உட்கார்ந்தேன், இன்னும் எழுந்திருக்கவில்லை. வெளிநாட்டுக்குப் போகிற மெத்தை விரிப்பு, தலையணை உறை, அடுப்பிலிருந்து சூடாக இறக்குவதற்குப் பிடிதுணி, இதையெல்லாம் கம்பெனிக்காரர்கள் வெட்டிக் கட்டுக் கட்டாக வீட்டிலேயே கொண்டுவந்து போடுவார்கள். தைத்து வைத்தால் வண்டி வந்து எடுத்துக்கொண்டு போகும். யார் யாரோ தலை வைத்துப் படுக்கிறதுக்கெல்லாம் நான் தைத்தேன். என் வீட்டு ஜன்னல் திரைக்கு ஓரம் அடிக்க நேரமில்லை. எங்கள் வீட்டுக்காரர் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். கை பிய்ந்துபோன சட்டையோடுதான் பஞ்சர் ஒட்டுவார். "சட்டைக்கு ஒரு தையல் போட்டுக் குடு" என்று சொல்லிச் சொல்லி அவருக்கும் அலுத்துவிட்டது. கடைசியில் பஞ்சர் ஒட்டுகிற பசையைப் போட்டு அவரே ஒட்டிக்கொண்டார். சிரிக்காதே, நிஜமாகத்தான் சொல்கிறேன்.

வீட்டுக்கென்று ஆரம்பித்துப் பாதியில் விட்டதெல்லாம் கட்டிலுக்கு அடியில் ஒரு சாக்கில் கிடக்கும். ஒரு பக்கம் மட்டும் மடித்தடித்த பாவாடை. பட்டன் வைக்காத சட்டை. வெட்டிவைத்த தலையணை உறை. தாரணி ஏழாவது படித்தபோது எடுத்த யூனிபார்ம் துணி, தோள்பட்டை வரைக்கும் தைத்துவிட்டு நின்றது, அவள் அதற்குள் எட்டாவது போய்விட்டாள். எல்லாவற்றுக்கும் அடியில் ஒட்டுப் போர்வை.

ஒட்டுப் போர்வை தெரியுமா? கம்பெனியில் இதைக் குயில்ட் என்பார்கள். பழைய துணியைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்து, அடியில் நூல் சேலையை இரண்டு மூன்று மடிப்பாக வைத்து, மேலே ஓட்டுத் தையல் போடுவது. தாரணி சின்னப்பிள்ளையாக இருந்தபோது போட்டுச் சிறுத்துப்போன கவுனும் சட்டையுமாகச் சேர்த்து ஆரம்பித்தேன். நாலு வரிசை வந்தது. பிறகு ஆர்டர் வந்துவிட்டது. அவள் பெரியவளானபோது முடித்துவிடலாம் என்று எடுத்தேன், இவருக்குக் குடலிறக்க ஆபரேஷன். கல்யாணத்துக்குக் கொடுத்தனுப்பலாம் என்று எடுத்தேன், கல்யாண வீட்டில் மெஷினில் உட்கார நேரம் ஏது? மறுபடி சாக்குக்குள் போய்விட்டது.

போன வருஷம் வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளை பேர் மோகன்ராஜ். நாமக்கல் பக்கம், சொந்தமாகக் கோழிப்பண்ணை. நல்ல இடம். மாப்பிள்ளைக்குப் பீடி சிகரெட் கிடையாது, குடி கிடையாது. வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசமாட்டார். என் நாத்தனாரே பொறாமைப்பட்டாள் என்றால் பார்த்துக்கொள்.

ஆடி பிறந்ததும் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துக்கொண்டு வந்துவிடுவோம். ஆடி முழுக்க எங்களோடு இருப்பாள். ஆவணி பிறந்ததும் மாப்பிள்ளை வந்து கூட்டிக்கொண்டு போவார். உங்கள் பக்கமும் அதுதானே வழக்கம்? அப்படித்தான் வந்தாள். வந்தவள் முதலில் தூங்கினாள் பார், அப்படி ஒரு தூக்கம். சோறு போட்டு வைத்துவிட்டு எழுப்பினால், "வரேம்மா" என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்குவாள். பண்ணையில் வேலை அதிகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டு ரங்கநாயகி அக்கா மட்டும், "ஏம்புள்ள தனபாக்கியம், என்ன உன்ற மவ கண்ணெல்லாம் உள்ள போயிருக்குது?" என்று கேட்டாள். அந்த அக்காவுக்கு யாரைப் பார்த்தாலும் ஏதாவது சொல்ல வேண்டும்.

தூங்கி எழுந்தவள் ஒருநாள் அந்தச் சாக்கை இழுத்து நடுவீட்டில் கொட்டிவிட்டாள்.

"என்னடி பண்றே?"

"இதையெல்லாம் முடிச்சிரலாங்கம்மா. நானும் கூட உக்காந்துக்கறேன்."

எனக்கு வாயெல்லாம் பல். ஊசியைக் கையில் பிடிக்கவே அழுகிற பெண் கண்ணு அவள். பாவாடைக்கு ஓரம் மடித்துக் கைத்தையல் போடு என்றால் தெருவுக்கு ஓடிவிடுவாள். கல்யாணம் ஆனதும் பொறுப்பு வந்துவிட்டது என்று இவரிடம் சொன்னேன். இவர் பாட்டுக்குக் கடைக்குக் கிளம்பிப் போனார். இவர் எதற்குத்தான் என்ன சொல்லியிருக்கிறார்?

சமையல்கட்டு வாசலை ஒட்டித்தான் மெஷின் போட்டிருக்கிறேன். அடுப்பையும் பார்த்துக்கொள்ளலாம், மெஷினையும் மிதிக்கலாம். நான் மிதிப்பேன், அவள் கீழே உட்கார்ந்து வெட்டிக் கொடுப்பாள், தையல் பிரிக்க வேண்டியதைப் பிரிப்பாள். பிரிப்பதற்கு இவருடைய ஷேவிங் பிளேடைப் பாதியாக ஒடித்து வைத்திருப்பேன். தையலை எப்படிப் பிரிக்க வேண்டும் என்று அப்போதுதான் சொல்லிக் கொடுத்தேன். இழுத்துப் பிய்க்கக் கூடாது. மூன்று தையல் விட்டு ஒரு தையலைப் பிளேடால் தொட வேண்டும். அப்படியே தொட்டுக்கொண்டே போய், பின்பக்கத்து நூலைச் சுண்டினால் துணிக்கு வலிக்காமல் கழன்றுவிடும். டக்கென்று பிடித்துக்கொண்டாள். கெட்டிக்காரி.

குக்கர் விசில் அடிக்கும். பால்காரர் வருவார். இவர் சாப்பிட வந்து, தட்டை வைக்க இடமில்லாமல் துணிக்கு நடுவே நிற்பார். மாப்பிள்ளை போன் பண்ணுவார். அவள் எடுக்கமாட்டாள், கை வேலையாக இருக்கும். நான்தான் எடுப்பேன். "என்ன பண்றா? வீட்டுக்கு யார் யார் வந்தாங்க? வெளிய எங்கயாச்சும் போனாளா? யார் கூடப் பேசினா?" என்று ஒன்று விடாமல் கேட்பார். ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை. எந்த மாப்பிள்ளை இப்படி அக்கறையாக விசாரிக்கிறான் சொல்லு? எங்கள் வீட்டுக்காரர் நான் பிரசவத்துக்குப் போயிருந்தபோதுகூட ஒரு கார்டு போடவில்லை.

கல்யாணத்துக்குத் தைத்த ஜாக்கெட்டெல்லாம் அவளுக்குத் தொளதொளவென்று ஆகிவிட்டது. "பிடிச்சுத் தரட்டுமா?" என்றேன். "புதுசாத் தெச்சுக் குடுங்கம்மா. முழங்கை வரைக்கும் கை வெச்சு" என்றாள். இந்த வெயிலில் யார் முழங்கை வரைக்கும் போடுகிறார்கள்? அளவெடுக்கக் கையைச் சுற்றி டேப்பை வைத்தால் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். பார்த்தால் மேல்கையில் நீலம் பாரித்துக் கிடக்கிறது. பண்ணைக் கதவு இடித்துவிட்டதாம். இரும்புக் கதவு, பார்த்துத் திறக்கத் தெரியாதா என்று நன்றாகத் திட்டினேன். திட்டிவிட்டுத் தேங்காயெண்ணெய் தடவிவிட்டேன். அதெல்லாம் நான் குறை வைக்கவில்லை. கேட்டபடி முழங்கை வரைக்கும் தைத்தும் கொடுத்தேன்.

இது எந்த ஊர்? வெள்ளகோவிலா? இன்னும் தூரம் இருக்கிறது. தண்ணீர் குடிக்கிறாயா? நானும் ஒரு வாய் குடிக்கிறேன்.

சாக்கிலிருந்து ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு வந்தோம். பாவாடை முடிந்தது. ஜன்னல் திரை மாட்டினோம், வீடே கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. இவருடைய சட்டைப் பசையையெல்லாம் சுரண்டி எடுத்துத் தைத்தோம். அப்போது அந்த ஏழாவது யூனிபார்மை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"இதையும் முடிச்சிரலாங்கம்மா."

"இது யாருக்குடி?"

"எனக்குத்தான்."

"மறுபடியும் ஏழாவது போறியாக்கும்?"

"போலாங்களா?"

நான் சிரித்தேன். அவளும் சிரித்த மாதிரிதான் இருந்தது. பிறகு, "ஏம்மா, நான் இங்கயே இருந்துட்டா என்னங்கம்மா ஆகும்?" என்றாள். "இங்கதானே இருக்கறே. ஆடி முடிய இன்னும் நாள் கெடக்குது" என்றேன். அவள் மறுபடி ஏதோ சொன்னாள். நான் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தேன். என் மெஷின் பழசு கண்ணு, சத்தம் அதிகம். "இரு, இந்த ஓரம் முடிச்சர்றேன்" என்றேன். முடித்துவிட்டு, "என்ன சொன்னே?" என்று கேட்டேன். கேட்காமல் இல்லை. "ஒண்ணுமில்லைங்கம்மா" என்று சொல்லிவிட்டாள். ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லை என்றுதானே நாம் எடுத்துக்கொள்ள முடியும்?

கடைசியாக ஒட்டுப் போர்வை. அதுதான் என் உயிரை வாங்கிவிட்டது. நாலு வரிசை ஏற்கெனவே இருந்ததா, மிச்சத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். இன்றைக்கு ஒரு வரிசை சேர்த்து வைப்பேன். நாளைக்குக் காலையில் எடுத்தால் அந்த வரிசை தனியாகக் கையோடு வரும். தையல் விட்டிருக்கும். நூல் துண்டு துண்டாக உதிரும். இற்றுப்போன நூல் அப்படித்தான் உதிரும். மறுபடி தைப்பேன். மறுபடி விட்டுப்போகும்.

நான் நூல்கடை முத்துராசுவிடம் போய்ச் சண்டை பிடித்தேன். "இத்தனை வருஷமா உங்ககிட்டத்தான நூல் வாங்கறேன், மக்கிப்போன நூலை என்ற தலைல கட்டிட்டீங்களே" என்றேன். அந்த மனுஷன் நூலை இரண்டு கையாலும் இழுத்துக் காட்டுகிறார். "அக்கா, நீங்களே இழுத்துப் பாருங்க. தேர் இழுக்கலாங்க்கா இதை வெச்சு." நான் கேட்கவில்லை. கடையில் நாலு பேர் பார்க்கக் கன்னாபின்னாவென்று பேசிவிட்டு வேறு கடையில் வாங்கினேன். அதுவும் விட்டுப்போயிற்று. மெஷினுக்கு எண்ணெய் போட்டேன். பாபின் மாற்றினேன். மெக்கானிக் வந்து பிரித்துப் பார்த்துவிட்டு, "மெஷின்ல ஒண்ணும் இல்லைங்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனான். தாரணி ஒரு ஓரமாக நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போகட்டும் விடுங்கம்மா. மெதுவா முடிச்சுக்கலாம். முடிச்சுட்டுத்தான் நான் போகோணும்னு வெச்சுக்கங்க."

அவளுக்கு அந்தப் போர்வை மேல் அவ்வளவு ஆசை என்று எனக்கு ஒரே பெருமை. எப்படியும் முடித்துக் கையில் கொடுத்து அனுப்பிவிட வேண்டும் என்று ஒரு வைராக்கியம் வந்துவிட்டது.

ஆடி கடைசியில் கம்பெனி வேலையைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். விடிந்ததும் மெஷினில் உட்காருவேன். ஒரே நாளில் எல்லா வரிசையையும் சேர்த்து, அன்றைக்கே அடிச்சேலையையும் வைத்து மேல்தையல் போட்டுவிட்டால் பிரிவதற்கு வழியே கிடையாது, பார். இரண்டிரண்டு தையலாகப் போட்டேன். இடுப்பு விட்டுப்போயிற்று. நடுவில் ஒரு சதுரம் மட்டும் துணி குறைந்தது. கூறைச்சேலையோடு வந்த ஜாக்கெட் துணியில் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தேன். நல்ல அரக்கு, ஓரத்தில் சரிகை. அதை வெட்டி நடுவில் வைத்தேன்.

"அது வேண்டாங்கம்மா" என்றாள்.

"ஏன்? உன்ற கல்யாணக் கூறைத் துணிடி. சின்னப்புள்ளைல போட்ட கவுன் எல்லாம் சுத்தி இருக்குது, நடுவுல கூறைத் துணி. எவ்வளவு அழகா இருக்குது பாரு."

"வேற எதாச்சும் வைங்கம்மா. அதை மட்டும் வைக்காதீங்க."

அரக்குக் கலர் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்காது. நான் வைத்துத் தைத்துவிட்டேன். மற்றதற்கெல்லாம் இரண்டு தையல் என்றால் அதற்கு மூன்று தையல்.

ஆவணி பிறந்தது. மாப்பிள்ளை கார் எடுத்துக்கொண்டு வந்தார். இவர் சமையல்கட்டுக்கு வந்து என்னிடம் மெதுவாக, "இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமே புள்ள" என்றார். இத்தனை வருஷத்தில் வாயைத் திறந்து ஒன்று சொல்கிறார், அதுவும் இப்படி. "ஆவணி பொறந்தும் அனுப்பாம வெச்சிருந்தா சனம் என்ன பேசும்? அவர் வீடு தேடி வந்து உக்காந்திருக்கறாரு" என்று ஒரு அதட்டுப் போட்டேன். போய்விட்டார்.

தாரணி மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து, எல்லாம் தயாராக. எழுந்திருக்கவில்லை. வெளியே கார் ஹாரன் அடிக்கிறது.

"இன்னும் ஒரு தலகாணி உறை பாக்கி இருக்குதுங்கம்மா" என்றாள். சாக்கின் அடியில் கிடந்ததைத் தேடி எடுத்து மடியில் வைத்திருக்கிறாள். வெட்டின துணி, ஒரு தையல்கூடப் போடாதது.

"அதை நான் தெச்சுக்கறேன். நீ கெளம்பு."

"முடிச்சிட்டே போறேன்."

"ஏண்டி, ஒரு தலகாணி உறைக்காக மாப்பிள்ளையை நிறுத்தி வைப்பாங்களா?"

அவள் கையிலிருந்து நான்தான் வாங்கி வைத்தேன். ஒட்டுப் போர்வையை ஒரு புதுக் கவரில் போட்டுக் காரில் வைத்தேன். ஏறினாள். கண்ணாடியை ஏற்றிவிட்டார்கள், உள்ளே முகம் சரியாகத் தெரியவில்லை. நான் கையாட்டினேன். அப்புறம் வந்து பார்த்தால் கட்டிலுக்கு அடியில் சாக்கு காலி. அந்த ஒரு உறை மட்டும்தான். எத்தனை வருஷத்துப் பாரம், கண்ணு! எல்லாவற்றையும் முடித்துவிட்டேன் என்று அன்றைக்கு எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

பல்லடம் வந்துவிட்டதா? இறங்குகிறவர்களுக்கு வழி விடு. பை, பை, பார்த்துப் போங்கய்யா, துணி.

புரட்டாசியில் மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன். தாரணி அங்கே இல்லையாம். ஊரெல்லாம் தேடியிருக்கிறார்கள். மகராசி எங்கே போயிருக்கிறாள்? கோயமுத்தூருக்கு. கூடப் படித்த பெண் ஒருத்தி ரூமுக்கு. நகை ஒன்றும் எடுக்கவில்லை. படித்த சர்டிபிகேட்டும் இந்தப் போர்வையும்தான் கொண்டுபோயிருக்கிறாள். தலை தீபாவளிக்கு எடுத்து வைத்த துணி பீரோவிலேயே கிடக்கிறது. அவர்கள் ஏதேதோ சொன்னார்கள். ரங்கநாயகி அக்கா ஏதேதோ சொன்னாள், மாப்பிள்ளை அடித்தார் அது இது என்று. அடித்திருந்தால் என்னிடம் சொல்லியிருக்கமாட்டாளா? பெற்ற தாயிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வாள்?

எனக்கு இருக்கிற குறை அது இல்லை. அங்கே பிடிக்கவில்லை, வந்துவிட்டாள். சரி. நேராக என்னிடம் வந்திருக்கக் கூடாதா? நாமக்கல்லிலிருந்து கரூர் எவ்வளவு தூரம்? எங்கள் ஊரைத் தாண்டித்தானே கோயமுத்தூர் பஸ் போகிறது? எங்கள் பஸ் ஸ்டாண்டில் நின்றுதானே போயிருக்கும்? இறங்கி வந்து கதவைத் தட்டியிருந்தால், வேண்டாம், போ என்றா நான் சொல்லியிருப்பேன்?

ஏன் கண்ணு என்னை அப்படிப் பார்க்கிறாய்?

சரி, விடு.

அவள் அப்பாவோடு மட்டும் பேசுகிறாள், அதைச் சொல்லவில்லையே. போன வாரம் சைக்கிள் சாமான் வாங்க இவர் கோயமுத்தூர் போனார். போன் பண்ணியிருக்கிறார். உடனே வந்திருக்கிறாள்! டீக்கடையில் அவரோடு உட்கார்ந்து பன் சாப்பிட்டிருக்கிறாள். உடம்பு கொஞ்சம் தேறியிருக்கிறாளாம். அரைக்கை சட்டை போட்டிருந்தாளாம். "என்னைப் பத்தி என்ன கேட்டா?" என்றேன். "கேட்டா" என்றார். "என்ன கேட்டா?" "இன்னும் மெஷின்ல உக்காந்தே இருக்கறாங்களான்னு கேட்டா." அவ்வளவுதான். கூடவே ஒரு கவரைக் கொடுத்து, "அம்மாகிட்டக் குடுத்துருங்கப்பா" என்று சொல்லியிருக்கிறாள்.

பிரித்துப் பார்த்தால் ஒட்டுப் போர்வை. துவைத்து மடித்து அனுப்பியிருக்கிறாள். நடுவில் அந்தக் கூறைத் துணி இல்லை. சதுரமாக ஓட்டை. எனக்கு வந்தது பார் ஆத்திரம். மூன்று தையல் போட்டது எப்படிப் போகும்? ஹாஸ்டலில் மெஷினில் போட்டுத் துவைத்திருப்பார்கள், பிய்ந்துவிட்டிருக்கும், சரி செய்யச் சொல்லி அனுப்பியிருக்கிறாள் என்று இவரிடம் சொன்னேன். இவர் கை கழுவிக்கொண்டிருந்தார். "அது தானாப் பிரியல, புள்ள" என்றார். கையைத் துடைத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

நான் அந்த ஆத்திரத்தில் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. சுருட்டி அலமாரியில் வைத்துவிட்டேன். பிறகு யோசித்தேன். சரிசெய்யச் சொல்லித்தானே அனுப்பியிருக்கிறாள்? கோபம் இருந்தால் தூக்கிப் போட்டிருப்பாள் இல்லையா? அரக்குத் துணியில் இன்னும் ஒரு துண்டு மிச்சம் இருந்தது, எடுத்துக்கொண்டேன். ஊசி, நூல் எல்லாம் பையில் இருக்கிறது. அவள் கண்ணெதிரிலேயே உட்கார்ந்து தைத்துக் கொடுக்கலாம் என்றிருந்தேன். இல்லை, பஸ்ஸிலேயே தைத்துவிட்டால் என்ன என்று இப்போது தோன்றுகிறது. ஓட்டையோடு கொண்டுபோய் நீட்டுவானேன்? முழுசாகக் கொடுத்தால் சந்தோஷப்படுவாள்.

கொஞ்சம் இந்த முனையைப் பிடித்துக்கொள். உன் மடியிலும் விரித்துக்கொள். இது பார், அவளுடைய முதல் பிறந்தநாள் கவுன். இந்த மஞ்சள் பூப் போட்டது ஒன்றாவது சேர்த்தபோது எடுத்தது, இதில் மை கொட்டிவிட்டு அழுதாள். இது எதிர்வீட்டு நாய் கடித்துக் கிழித்த பாவாடை. இரு, கண்ணாடியைப் போட்டுக்கொள்கிறேன். ஊசியில் நூலைக் கோத்துக் கொடுக்கிறாயா? பஸ் ஆடுகிறது.

இதோ, இதுதான் ஓட்டை.

இது என்ன, ஓரமெல்லாம் உள்ளே மடித்துத் தைத்திருக்கிறது?

நான் தைக்கவில்லை. இது கைத்தையல். சுற்றிலும் மடித்து, நூல் வெளியே தெரியாமல், பிசிறு வராமல்... பார், எவ்வளவு சின்னச் சின்னத் தையல். மூலையில்கூடச் சுருக்கம் இல்லை. அடிச்சேலையிலும் அதே அளவுக்கு வெட்டி, அதையும் மடித்துத் தைத்திருக்கிறாள். பாவாடைக்கு ஓரம் தைக்கச் சொன்னால் தெருவுக்கு ஓடுகிற பெண். பிய்ந்துபோன துணிக்கு யாராவது இப்படி உட்கார்ந்து ஓரம் தைப்பார்களா?

இந்த மடிப்புக்குள் என் மெஷின் நூல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரு, எடுத்துப் பார்க்கிறேன். உன் கண் நல்ல கண், நீயும் பார். இற்றுப்போன நூலாக இருந்தால் நுனி பஞ்சு மாதிரி இருக்கும். இதன் நுனி எப்படி இருக்கிறது? வெட்டினாற்போல இல்லை? மூன்று தையல் நீளம். இதுவும் மூன்று தையல் நீளம். இதுவும்.

இந்தத் துண்டுகளை நான் முன்னாலேயே பார்த்திருக்கிறேன். ஆடி மாசம் பூரா பார்த்திருக்கிறேன். காலையில் எழுந்து மெஷினடியில் கூட்டிப் பெருக்கினால் முறத்தில் வரும். இதே நீளம். பிளேடால் பிரிக்க நான் சொல்லிக் கொடுத்த அதே கணக்கு.

நூல் நல்ல நூல்தான் கண்ணு.

அந்த முத்துராசுவை நாலு பேர் முன்னால் அப்படிப் பேசிவிட்டேன். ஊருக்குப் போனதும் முதலில் அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும். உங்கள் நூலில் ஒன்றும் குறையில்லை என்று.

வேண்டாம், நூலைத் திரும்ப உருவிவிடு. ஊசியைக் கொடு, என் மாராப்பில் குத்திக்கொள்கிறேன். இந்த அரக்குத் துணி பையின் அடியில் கிடக்கட்டும். ஓட்டை இருந்தால் இருக்கட்டும். அதற்குத்தான் ஓரம் தைத்திருக்கிறாளே.

மடித்துக் கொடுக்கிறாயா? அந்த முனையை இப்படிக் கொண்டுவா. அவ்வளவுதான்.

சூலூர் தாண்டிவிட்டோமா? அடுத்தது சிங்காநல்லூர்தானே? போர்வையைப் பையில் வைத்துக்கொள்கிறேன்.

அந்தத் தலையணை உறை இன்னும் சாக்கில்தான் கிடக்கிறது. நான் தைத்துக்கொள்கிறேன் என்று வாங்கி வைத்தேனே தவிர, தைக்கவில்லை. எடுப்பேன், வைப்பேன். வாட்ச்மேனிடம் என்ன சொல்லி அனுப்புவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். அம்மா வந்திருக்கிறாள் என்று சொன்னால் இறங்கி வரமாட்டாள். இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாயிற்று. இந்தத் தடவை, ஒரு தலையணை உறை பாக்கி இருக்கிறதாம் என்று மட்டும் சொல்லச் சொல்லட்டுமா? அது முடிகிறவரைக்கும் எங்கேயும் போக வேண்டாமாம் என்று?

நீ அவள் வயதுப் பெண். நீ சொல்லு கண்ணு. அப்படிச் சொன்னால் வருவாளா?